ஐயாயிரம் வருஷத்துப் பெர்மிட்: ஏஷ் காட்டுக் கல்லறைக்கு ஒரு காலைப் பயணம்

சுவிற்சர்லாந்தில் நான் ஏறாத மலை கிடையாது. எல்லா மலைக்கும் ரெயில் போகிற தைரியத்தில் சொல்கிறேன். மாத்தர்ஹோர்ன் சிகரத்தை அடிவாரத்தில் நின்று அண்ணாந்து பார்த்து, "பரவாயில்லை, இன்னும் கொஞ்சம் உயர்த்தியிருக்கலாம்" என்று சொன்ன ஒரே தமிழன் நான்தான். அப்படிப்பட்ட நான் 2018 நவம்பர் முதலாம் திகதி, வியாழக்கிழமை, பாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் ஏஷ் என்ற ஊருக்கு, காட்டுக்குள் கிடக்கும் ஒரு கற்காலக் கல்லறையைப் பார்க்கப் போனேன். போகும்போது என்னிடம் ஒரு மகத்தான திட்டம் இருந்தது. திரும்பி வரும்போது அந்தத் திட்டம் என்னிடம் இல்லை. அதைப் பற்றித்தான் இந்தப் பதிவு. இந்த மாமாவின் பதிவுகளை வாசித்து அங்கே போக நினைக்கும் மருமக்களுக்கு வழியும் செலவும் இடையிடையே வரும், பொறுமையாக வாசிக்கவும்.

பயணத்துக்குக் காரணம் அருளப்பு. லுசேர்ணில் ஒரு ஹோட்டல் குசினியில் சமையல் வேலை. இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அகதி முகாமில் எங்கள் இருவருக்கும் ஒரே இரண்டடுக்குக் கட்டில். நான் கீழே, அவன் மேலே. அவன் திரும்பிப் படுக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு சிறிய பூகம்பம் கிடைக்கும். பிறகு அவனைக் கட்ட ரஞ்சி ஊரிலிருந்து வந்தா, கலியாணம் நடந்தது. பிள்ளைகள் இல்லை. 1998இல் ரஞ்சி வருத்தம் வந்து மோசம் போனா. அருளப்பு கத்தோலிக்கன். லுசேர்ணுக்குப் பக்கத்து ஊர் சேமக்காலையில் அவவை அடக்கம் செய்தான். எங்கள் பக்கத்துக் கத்தோலிக்கர் இடுகாட்டைச் சேமக்காலை என்றுதான் சொல்வார்கள். சேமமாக வைத்திருக்கும் இடம் என்றுதான் நான் அதற்குப் பொருள் கொள்வது.

2018 ஐப்பசியில் ஒரு நாள் அவனிடமிருந்து போன்.

"அண்ணை, செத்தாலும் பெர்மிட்தான்."

"என்னடாப்பா சொல்லுறாய்?"

"ரஞ்சியின்ர பெர்மிட் முடிஞ்சுதாம். சேமக்காலைக் கேற்றில நோட்டீஸ் ஒட்டியிருக்கிறாங்கள். இருபது வருஷந்தானாம் ஒரு கல்லறைக்கு. அவவின்ர வரிசை முழுக்க வாற மாசியில எடுக்கினமாம். கல்லு வேணுமெண்டால் வருஷம் முடிய முதல் சொல்லட்டாம்."

"நீடிக்க ஏலாதோ?"

"வரிசைக் கல்லறைக்கு நீடிப்பு இல்லையாம். எனக்கு நிரந்தரமா C கிடைக்கப் பதினொரு வருஷம் எடுத்தது அண்ணை. இவவுக்கெண்டாலும் முதல் நாளே C குடுத்திட்டாங்கள் எண்டு நினைச்சிருந்தன்."

வெளியில் இருக்கும் வாசகர்களுக்கு: இங்கே அகதியாக வந்தவன் வாழ்க்கை வதிவிடப் பெர்மிட்டின் எழுத்துகளால் ஆனது. முதலில் N, பிறகு F, அதிர்ஷ்டம் இருந்தால் B, கடைசியில் C. ஒவ்வொரு எழுத்துக்கும் தலைமயிரில் ஒரு பங்கு போகும். நான் C எடுத்த அன்று என் தலை இன்றிருக்கும் நிலைக்கு வந்துவிட்டது.

ஒவ்வொரு வருஷமும் நவம்பர் முதலாம் திகதி சகல புனிதர் திருநாள். லுசேர்ண் பக்கம் அன்று விடுமுறை. பின்னேரம் குருவானவர் சேமக்காலைக்கு வந்து கல்லறைகளை ஆசீர்வதிப்பார். அருளப்பு இருபது வருஷமாக ஒரு தடவையும் தவறவிட்டதில்லை. "இந்த முறை நான் போகேல்லை" என்றான். "கிளப்பி எறியப் போறவங்களுக்கு முன்னால நிண்டு மெழுகுதிரி கொளுத்தவோ?"

இதைக் கேட்டதும் எனக்குள் கறுப்புக் கோட்டோடு உறங்கிக்கொண்டிருந்த அப்புக்காத்து வக்கீல் எழும்பிவிட்டார். உடனே கணினியைத் திறந்தேன். இதே நாட்டில், ஏஷ் காட்டுக்குள், ஐயாயிரம் வருஷத்துக்குக் கிட்டிய ஒரு கல்லறை. சட்டப்படி பாதுகாக்கப்பட்ட சின்னம். ஒரு கல்லை அசைத்தாலும் குற்றம். ஐயாயிரம் வருஷத்தார் இருக்கலாமென்றால் இருபது வருஷத்தாள் ஏன் இருக்கக் கூடாது? கல்லறையைப் படம் பிடித்து, ஒரு முறைப்பாடு எழுதி, பேர்ண் பாராளுமன்றத்தின் கூரை பறக்க வாதாடுவது என்று தீர்மானித்தேன். அவனையும் கூட்டிக்கொண்டு போவது. திருநாளன்று வீட்டில் தனியே இருந்து சுவரைப் பார்க்காமல் இருப்பான்.

என் மனுசிக்கு, அருளப்பு அக்கா என்று கூப்பிடும் ஆளுக்கு, இது பிடிக்கவில்லை. "கந்தசஷ்டி கிட்டுது. இந்த நேரத்தில சுடலை சுத்தப் போறியளோ?"

"ஐயாயிரம் வருஷத்துச் செத்தவீடப்பா. தீட்டுத் துடக்கு முப்பத்தொரு நாள். எப்பவோ கழிஞ்சிருக்கும்."

"கழிஞ்சுதோ இல்லையோ, தலையில தண்ணி வார்த்துத் தோய்ஞ்சுபோட்டுத்தான் உள்ளுக்கு வரலாம்."

"உள்ளுக்கு வராமல் எங்க தோயிறது?"

"கீழ உடுப்புத் தோய்க்கிற அறையில பைப் இருக்கு."

கட்டடத்துக்கே பொதுவான அந்த அறைக்கு வீட்டுக்கொரு நாள் முறை, அன்று மூன்றாம் மாடிக்காரரின் முறை. இந்த நாட்டில் பக்கத்து வீட்டுக்காரனின் தோய்க்கும் நாளில் அந்த அறைக்குள் காலை வைப்பதைவிட எல்லை தாண்டுவது பாதுகாப்பானது. அதைப் பிறகு பார்ப்போம் என்று புறப்பட்டேன்.

நான் இருக்கும் அட்லிஸ்வில்லில் காலை 6.52க்கு ரெயில். அரைக்கட்டண அட்டை வைத்திருப்பவர்கள் நாள் முழுவதும் செல்லுபடியாகும் ரிக்கற்றை நேரத்தோடே இணையத்தில் வாங்குங்கள். எனக்கு 39 பிராங் முடிந்தது. அதில் ரெயில், ட்ராம், பஸ் எல்லாம் அடக்கம். கடைசி நாளில் வாங்கினால் காணி விற்க வேண்டி வரும். சூரிச்சில் மாறி, அரை மணித்தியாலத்தில் ஓல்டன். அருளப்பு லுசேர்ணிலிருந்து அங்கே வருவதாக ஏற்பாடு.

ஓல்டனின் பனிப்புகார் பற்றி நான் சொன்னால் நம்பமாட்டீர்கள். அன்றைக்கு என்னால் என்னையே காணமுடியவில்லை. மேடையில் நின்ற சனமெல்லாம் இடுப்புக்கு மேலே கரைந்துபோய், வெறும் சப்பாத்துகளும் பெட்டிகளும் அங்குமிங்கும் நடந்துகொண்டிருந்தன. அறிவிப்புக் குரல் மட்டும் மேலேயிருந்து, யாருக்கோ எங்கேயோ ரெயில் என்று சொல்லிக்கொண்டிருந்தது. அதற்குள்ளிருந்து ஒரு நீலக் குளிருடுப்பு மெல்ல உருவாகி, முகம் வந்து, மீசை வந்து, அருளப்பு ஆனான். தோளில் ஒரு பை.

"என்ன அண்ணை, மேலுலகம் மாதிரிக் கிடக்கு."

"மேலுலகத்தில ரெயில் இவ்வளவு நேரத்துக்கு வராது" என்றேன்.

மலையைக் குடைந்த நீளச் சுரங்கம் தாண்டிப் பாசல். நான் சுரங்கத்துக்குள் போகும்போது கண்ணை மூடினேன். ரெயிலின் தாலாட்டில் ஒரு கற்கால மனிதர் தோலுடுப்போடு வந்து எதிரே உட்கார்ந்தார். ரிக்கற் பரிசோதகர் அவரிடம் பெர்மிட் கேட்டார். அவர் மடியிலிருந்து ஒரு பெரிய கல்லை எடுத்துக் காட்டினார். பரிசோதகர் அதை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, "சரி, நல்ல பயணம்" என்று சொல்லிப் போனார். கண் விழித்தபோது பாசல். அருளப்பு சன்னலோடு தலையைச் சாய்த்து வெளியே பார்த்தபடி இருந்தான். வெளியே பார்க்க ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை.

பாசல் ஸ்டேஷன் வாசலிலேயே 11ஆம் இலக்க ட்ராம் எடுக்கலாம். கடைசித் தரிப்பு வரை போக அரை மணித்தியாலம். S என்ற உள்ளூர் ரெயிலும் போகும், அது வேகம். ஆனால் பனிப்புகார் நாளில் ட்ராமில்தான் போக வேண்டும் என்பது என் கட்டளை. பூந்தோட்டங்கள், சைக்கிள்கள், ஒரு பேக்கரி வெளிச்சம், ஒரு நாய், எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வெள்ளைக்குள்ளிருந்து வந்து சன்னலைத் தொட்டுவிட்டுத் திரும்ப வெள்ளைக்குள் போய்விடும். 9.40க்கு இறங்கினோம்.

அங்கிருந்து மஞ்சள் வழிகாட்டிப் பலகைகளைப் பிடித்து நடக்க வேண்டும். சாதாரண கால்களுக்கு அரை மணித்தியாலம் இருக்கும், எங்கள் கால்களுக்கு முக்கால். ஊர் முடிந்து, இலை மஞ்சளித்த முந்திரிகைக் கொடித் தோட்டச் சரிவு தாண்டி, காடு. ஓங்கிய காட்டு மரங்கள் வரிசையாக நிற்கின்றன, பனிப்புகாரில் மேற்பாதி இல்லாமல். தரை முழுக்கச் செம்பு நிறத்தில் சருகு. நடக்கும் சத்தம் எங்களுடையதா, எங்களுக்குப் பின்னால் வரும் வேறு யாருடையதா என்று சந்தேகம் வந்து நான் இரண்டு தரம் திரும்பிப் பார்த்தேன். பயத்தில் இல்லை, விஞ்ஞான ஆர்வத்தில்.

கல்லறை வந்ததே தெரியவில்லை. கீசாவின் பிரமிட்டை எதிர்பார்த்துப் போகாதீர்கள். காட்டுக்குள் ஒரு மெல்லிய மேடு, அதன் நடுவே பாசி பிடித்த சுண்ணாம்புக் கற்பலகைகள் நிமிர்த்தி நட்டு ஒரு நீள அறை. உயரம் முழங்காலுக்குக் கொஞ்சம் கூட. முந்தி அதன்மேல் கல்லும் மண்ணும் குவித்துப் பெரிய குவியலாக மூடியிருந்ததாம், இப்போது ஆகாயம்தான் கூரை. பக்கத்தில் விளக்கப் பலகை. அவ்வளவுதான். ஆனால் அந்த இடத்துக்கு ஒரு அமைதி இருந்தது. மரங்களிலிருந்து பனித்துளி சருகில் விழும் சத்தம் கேட்கும் அமைதி. யாரோ நித்திரை கொள்ளும் வீட்டுக்குள் சப்பாத்தைக் கழற்றாமல் வந்துவிட்டது போல நாங்கள் இருவரும் குரலைத் தணித்தோம்.

நான் தொண்டையைச் செருமினேன். "பார் அருளப்பு. ஐயாயிரம் வருஷம். ஒருத்தனும் கேற்றில ஒண்டும் ஒட்டேல்லை. இதுதான் எங்கட வழக்குக்கு அத்திவாரம். நாற்பது பேருக்கு மேல இதுக்குள்ள படுத்திருக்கினம்."

அருளப்பு கிட்டப் போய், குனிந்து, கற்களுக்கு நடுவே நெடுநேரம் பார்த்தான். உள்ளே சருகும் ஒரு நத்தையும்.

அப்போது பனிப்புகாருக்குள்ளிருந்து மண்ணிற நாய் ஒன்று வந்தது. கொஞ்சம் பின்னால் அதன் சொந்தக்காரி. எழுபது வயசிருக்கும், கையில் நடைத்தடி, தலையில் பின்னிய தொப்பி. "குரூயெற்சி" என்று இந்த நாட்டு வணக்கம் சொன்னா. நாங்களும் "குரூயெற்சி" என்றோம். நாய் நேரே அருளப்புவின் பையை மணந்தது. ஹோட்டல் குசினிக்காரன் பையில் என்ன இருக்கும் என்று நாய்க்குத் தெரியாதா?

அருளப்புவின் ஜெர்மன் குசினி ஜெர்மன். சூடு, உப்பு, கெதியாக, இவை மூன்றையும் வைத்து எதையும் சொல்லிவிடுவான். அவன் கல்லறையைக் காட்டி, "உள்ளே ஆட்கள் இருக்கிறார்களா?" என்று கேட்டான்.

அவ சிரித்தா. "இல்லை. நூறு வருஷத்துக்கு முன்பே தோண்டி எடுத்துப் பாசலுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். எலும்பெல்லாம் அங்கே பெட்டிக்குள் இருக்கும். இங்கே கல் மட்டும்தான்."

என் அத்திவாரம் இடிந்து விழுந்த சத்தம் அல்ப்ஸ் வரைக்கும் கேட்டிருக்க வேண்டும்.

அருளப்பு என்னைப் பார்த்தான். ஐப்பசி தொடக்கம் சிரிக்காத வாய் ஒரு பக்கமாகக் கோணியது. "அண்ணை, உங்கட ஐயாயிரம் வருஷத்துப் பெர்மிட்டில ஆள் இல்லை. கல்லுக்குத்தான் பெர்மிட்."

அந்த அம்மா எங்கள் தமிழை விளங்காவிட்டாலும் முகங்களை வாசித்துவிட்டா போல. இன்னும் கொஞ்சம் சொன்னா. ஒரே நாளில் இத்தனை பேரையும் வைக்கவில்லையாம். தலைமுறை தலைமுறையாகத் திறந்து திறந்து வைத்தார்களாம். புதிதாக ஒருவர் வந்தால் பழைய எலும்புகளை ஒரு பக்கமாக ஒதுக்கிவிட்டு இடம் செய்வார்களாம்.

"எங்கட சேமக்காலையிலயும் அப்பிடித்தானே" என்றான் அருளப்பு என்னிடம். "என்ர அப்புவை வைக்கேக்க, முந்தி வைச்ச பெரியப்பாவின்ர எலும்பை ஒரு பக்கமா ஒதுக்கிப்போட்டுத்தான் வைச்சது. சொந்தக்காரனுக்குச் சொந்தக்காரன் இடம் விடுறது. அதில கோவம் இல்லை. ஆனா ரஞ்சியைக் கிளப்பினால் எங்க கொண்டுபோய் எறிவினமோ."

இந்தக் கடைசிக் கேள்வியை அவன் என்னிடமும் கேட்டதில்லை, கேற்றில் ஒட்டியவர்களிடமும் கேட்டதில்லை. கேட்க வேண்டியவனிடம் கேட்காமல் வீட்டுக்குள் இருந்து கோபிப்பது எங்கள் இனத்தின் தேசியக் கலை. நான் அந்தக் கலையைப் பார்த்துக்கொண்டு நிற்காமல், அம்மாவிடம் என் பாராளுமன்ற ஜெர்மனில் கேட்டுவிட்டேன். இவருடைய மனைவி, லுசேர்ண் பக்கம், இருபது வருஷம் முடிந்துவிட்டது, ஆளை எடுத்து எங்கே போடுவார்கள் என்று.

அவ நெற்றியைச் சுருக்கினா. "ஆளையா? ஆளை யார் எடுப்பார்கள்? கல்லையும் பூச்செடியையும் எடுத்துவிட்டுப் புல் போடுவார்கள். என் புருஷனுடையதையும் நாலு வருஷத்துக்கு முன் எடுத்தார்கள். அவர் அங்கேதான் இருக்கிறார். முந்தியும் அவர் அந்தக் கல்லின் கீழ் அசையாமல்தான் இருந்தார், இப்போதும் அப்படித்தான்." நாயைத் தடியால் மெல்லத் தட்டினா. "இவன் அவருக்கு மேலே போய்ப் படுப்பான். கல் இருந்தபோது இடம் இல்லை."

"அங்கேயே இருப்பாவா?" என்று அருளப்பு திரும்பக் கேட்டான்.

"நீங்கள் உங்கள் ஊர் அலுவலகத்திலும் ஒரு தடவை கேளுங்கள். ஆனால் எங்கே போகப் போகிறார்?"

அவவும் நாயும் வந்த வழியே வெள்ளைக்குள் போய்விட்டார்கள். நாயின் கழுத்து மணி மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு அதுவும் இல்லை.

நாங்கள் அங்கே விழுந்து கிடந்த ஒரு மரத்தில் உட்கார்ந்தோம். கல்லறைக் கற்களில் உட்காராதீர்கள், பாதுகாக்கப்பட்ட சின்னம். நான் அந்த அறையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பார்க்கப் பார்க்க, பனிப்புகாருக்குள் தோலுடுத்த சனம் ஒரு ஆளைத் தூக்கிக்கொண்டு மரங்களுக்கிடையில் வருவது போலவும், உள்ளே முன்பே படுத்திருப்பவர்களிடம் "கொஞ்சம் தள்ளிப் படுங்கோ, எங்கட ஆள்தான்" என்று சொல்வது போலவும், உள்ளே இருப்பவர்கள் முணுமுணுத்தபடி நகர்ந்து இடம் விடுவது போலவும் இருந்தது. முகாமில் புதுசாக ஒருவன் வந்தால் நாங்கள் நித்திரைக் கண்ணோடு ஒதுங்கிக் கொடுத்தது போல. அதுவும் யாழ்ப்பாணத் தமிழில்தான் எனக்குக் கேட்டது. கற்கால மக்கள் எங்கள் ஆட்கள் என்பதற்கு இதைவிட என்ன ஆதாரம் வேண்டும்?

பசி வந்து கனவைக் கலைத்தது. "றோல்ஸ் கொண்டந்தனி எல்லோ?" என்று கேட்டு, பதிலுக்குக் காத்திராமல் அவனுடைய பைக்குள் கையை விட்டேன். றோல்ஸ் பெட்டி இருந்தது. அதன் கீழே, துவாயில் சுற்றி, சிவப்புக் கிண்ணத்தில் ஒரு கல்லறை மெழுகுதிரி.

"போகேல்லை எண்டாய்."

"வாங்கினது வாங்கினபடி பைக்குள்ள கிடந்தது, அண்ணை."

மெழுகுதிரியைத் துவாயோடு திரும்பச் சுற்றி வைத்தேன். ஒரு றோல்ஸ் சாப்பிட்டேன். நாலு என்று அவன் சொன்னால் நம்பாதீர்கள்.

அவன் பையை மூடிக்கொண்டே கேட்டான். "ரண்டரைக்குத்தான் ஆசீர்வாதம். இப்ப வெளிக்கிட்டால் பிடிக்கலாமோ?"

அதன் பிறகு இந்த மாமா ஓடிய ஓட்டத்தை ஒலிம்பிக்காரர் யாரும் பார்க்காதது உலக விளையாட்டுத் துறைக்குப் பெரும் இழப்பு. முக்கால் மணித்தியாலம் ஏறிய வழியை அரை மணித்தியாலத்தில் இறங்கினோம். பன்னிரண்டரைக்கு முன் பாசல். லுசேர்ணில் பனிப்புகார் கூரை மட்டத்துக்கு எழும்பியிருந்தது. சேமக்காலை கேற்றைத் தாண்டும்போது குருவானவர் முதல் வரிசையில் தீர்த்தம் தெளித்துக்கொண்டிருந்தார். ரஞ்சியின் வரிசைக்குப் பக்கத்து வரிசை ஏற்கனவே புல்லாகிவிட்டிருந்தது. அந்தப் புல்லின் நடுவே யாரோ ஒரு மெழுகுதிரி வைத்திருந்தார்கள். அருளப்பு அதைப் பார்த்துக்கொண்டே போனான்.

அவன் கொளுத்தினான். என் மனுசி என்ன சொல்லுவா என்று தெரிந்தும் நானும் பக்கத்தில் நின்றேன். நாங்கள் சைவக்காரர், எரித்துச் சாம்பலை ஆற்றோடு விடுகிற ஆட்கள், எங்களுக்குக் கல்லும் இல்லை, பெர்மிட்டும் இல்லை. தீர்த்தம் தெளித்தபோது எனக்கும் இரண்டு துளி விழுந்தது. கல்லில் தமிழில் வெட்டிய பெயரை அருளப்பு பெருவிரலால் ஒரு தரம் துடைத்தான். அடுத்த கிழமை அலுவலகத்துக்குப் போய்க் கேட்டான். காட்டில் கண்ட அம்மா சொன்னது சரி. கல்லை அவர்களிடமே விட்டுவிட்டான். அதிலிருந்த சின்ன வெண்கலச் சிலுவையை மட்டும் கழற்றி எடுத்தான். என் வழக்கு பேர்ணுக்குப் போகவில்லை. பாராளுமன்றக் கூரை தப்பியது.

போக நினைப்பவர்களுக்கு: நவம்பரில் போங்கள், வெயில் காலத்தில் அது வெறும் கற்கள். பிடிமானமான சப்பாத்து, ஈரச் சருகு வழுக்கும். காட்டுக்குள் கடை இல்லை, மலசலகூடம் இல்லை, ஊருக்குள் முடித்துக்கொண்டு ஏறுங்கள். கல்லறைக்குக் காசு இல்லை, கேற் இல்லை, காவல் இல்லை. மெழுகுதிரி அங்கே கொளுத்தாதீர்கள், காட்டுக்கும் கூடாது, கற்களுக்கும் கூடாது. தோயிற பிரச்சினைக்குத் தீர்ப்பு: ஐயாயிரம் வருஷத்துக்கும் இருபது வருஷத்துக்கும் சேர்த்து அந்தக் கீழ் அறையில் ஒரே முழுக்கு போதும் என்று மனுசி இரங்கினா. மூன்றாம் மாடிக்காரர் மட்டும் இன்றுவரை என்னோடு முகம் கொடுத்துக் கதைப்பதில்லை.

இந்த வருஷம், 2019 நவம்பர் முதலாம் திகதி, திரும்பவும் அருளப்புவோடு லுசேர்ண் பக்கத்துச் சேமக்காலைக்குப் போனேன். அன்றைக்கும் பனிப்புகார், ஓல்டனுக்குச் சவால் விடும் பனிப்புகார். ரஞ்சியின் வரிசை போய் முழுவதும் புல். எனக்கு எங்கே கேற், எங்கே வேலி என்றே தெரியவில்லை. அருளப்பு கையில் சிவப்புக் கிண்ணத்தோடு, நேரே, ஒரு இடத்திலும் தயங்காமல், அந்த வெள்ளைக்குள் நடந்து போய் ஒரு இடத்தில் குந்தினான்.

"எடேய், ஒரு அடையாளமும் இல்லை. இடம் எப்பிடித் தெரியுது உனக்கு?"

அவன் நெருப்புக்குச்சியைக் கையால் மறைத்துத் திரியைப் பற்றவைத்தான்.

"அண்ணை, கட்டிலில அக்கா எந்தப் பக்கம் படுத்திருக்கிறா எண்டு நீங்கள் லைற் போட்டோ பார்க்கிறனியள்?"